எப்பிஃபோன் லெஸ் பாலுக்குப் பழைய பாணி ஹம்பக்கர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆறாம்கம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கொரியாவில் தயாரான பழைய எப்பிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு எலக்ட்ரிக் கிட்டார். கழுத்து நேராக இருக்கிறது. ஃப்ரெட்டுகள் தேயவில்லை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. குறையெல்லாம் ஒலியில்தான். நெக் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்தான் பிக்கப், கழுத்தை ஒட்டியிருப்பது நெக்) தடித்த கம்பிகளில் எதை வாசித்தாலும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலங்கிப்போகின்றன. இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் எது எந்த ஸ்வரம் என்றே தெரிவதில்லை. கம்பிகளின் அடிமுனைப் பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்கப் அதற்கு நேர்மாறு. காதைக் குத்துகிறது, ஆனால் கனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறேன். மற்ற நாட்களில் வீட்டில் ப்ளூஸ். ஆம்ப் 15 வாட் வால்வு ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர். ஒலி லேசாகக் கரகரக்கத் தொடங்கும் அளவில் வைத்துத்தான் எப்போதும் வாசிப்பேன்.

1950களின் இறுதியில் வந்த ஹம்பக்கர்களின் (ரீங்காரத்தை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) பாணியில் ஒரு ஜோடி வாங்க நினைக்கிறேன். சீமோர் டங்கன் '59, அதே நிறுவனத்தின் சேத் லவர், கிப்சன் 57 கிளாசிக், பர்ஸ்ட்பக்கர், டோன்ரைடர் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றின் விவரத்திலும் 7.2, 7.4, 8.1 என்று ஒரு கிலோ ஓம் கணக்கு இருக்கிறது. அந்த எண் கூடினால் சத்தமும் கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு எது பொருந்தும்?

பற்றாசு எழுதியது:

தம்பி, வாங்குவதற்கு முன் செலவில்லாத மூன்று வேலைகள் இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டு வாருங்கள். பழுதுபார்க்க என்னிடம் வரும் கிட்டார்களில் "பிக்கப் சரியில்லை" என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிக்கப் காரணமில்லை.

முதலில் உயரம். முதல் கம்பியையும் ஆறாம் கம்பியையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் முனைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கிப்சனின் வழக்கமான அளவு நெக்கில் சுமார் 2.4 மி.மீ., பிரிட்ஜில் சுமார் 1.6 மி.மீ. நெக் பிக்கப் கலங்குகிறது என்றால் நான் அதை இன்னும் கீழே இறக்குவேன், குறிப்பாக ஆறாம் கம்பிப் பக்கத்தை. இறக்கிய பிறகு பிக்கப்பின் மேல் ஒவ்வொரு கம்பிக்கும் நேரே இருக்கும் திருகு முனைகளைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் உடல் தூரத்தில் இருக்கும், முனை மட்டும் கம்பிக்கு அருகில் வரும். மேல் ஸ்வரங்கள் தெளிவாகும்.

இரண்டாவது, வால்யூம் பாட், அதாவது வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடை. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் வேண்டும். அதன் மேல் 500 என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். 20 சதவீதம் ஏற்ற இறக்கம் சாதாரணம். 400 காட்டும் பாட்டும் 600 காட்டும் பாட்டும் ஒரே பெட்டியிலிருந்து வரும். அளக்கும்போது பிக்கப்பின் ஒயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் பிக்கப்பையும் சேர்த்துப் படித்து உங்களைக் குழப்பும்.

மூன்றாவது, கேபிள். இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பிக்கப் ஒரு சுருள். கேபிள் ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுப் புள்ளியை உண்டாக்குகின்றன. அந்த இடத்தில்தான் கிட்டாரின் ஒலி எழுந்து நிற்கும், அதற்கு மேலே சட்டென்று சரியும். பழைய பாணி ஹம்பக்கரின் தூண்டல் 4.4 ஹென்றி, சுருளின் சொந்தக் கொள்திறன் 100 பைக்கோஃபாரட், கேபிளுக்கு மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்கிட்டால், மூன்று மீட்டர் கேபிளில் அந்தப் புள்ளி சுமார் 3,800 ஹெர்ட்ஸில் விழுகிறது. ஆறு மீட்டர் கேபிளில் 2,900-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரே கிட்டார், ஒரே பிக்கப். கேபிளை மாற்றியதும் வேறு பிக்கப் மாட்டியதுபோல் கேட்கும்.

நீங்கள் எத்தனை மீட்டர் கேபிள் பயன்படுத்துகிறீர்கள்?

மெட்டுக்காரன் எழுதியது:

நான் ஸ்பீக்கரைத்தான் முதலில் பார்ப்பேன். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை மாற்றினால் வரும் வேறுபாட்டில் கால்வாசிகூட பிக்கப்பை மாற்றினால் வராது. நண்பரின் ஆம்ப்பில் ஒருமுறை உங்கள் கிட்டாரைச் செருகிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கலமசூ57 எழுதியது:

மெட்டுக்காரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நெக் கலங்குகிறது, பிரிட்ஜ் குத்துகிறது என்ற இரண்டும் ஒரே ஆம்ப்பில் ஒரே நேரத்தில் நிகழ்வதால், கிட்டாருக்குள்ளேயே பார்க்க வேண்டியது இருக்கிறது. தேர்வுக்கு உதவும் என்பதால் பழைய ஹம்பக்கர் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மிஷிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் சேத் லவர் என்ற பொறியாளர் இதை வடிவமைத்தார். ஒற்றைச் சுருள் பிக்கப் மின்மாற்றிகளின் ரீங்காரத்தை அப்படியே வாங்கி ஆம்ப்புக்கு அனுப்பிவிடும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. லவர் இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்தார். ஒன்றின் மின்திசையும் காந்தத் துருவமும் மற்றதற்கு எதிர்மாறாக இருக்கும். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் எதிரெதிராக உருவாகி அழிந்துபோகும். கம்பியின் அதிர்வோ இரண்டிலும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1959 ஜூலையில்தான் கிடைத்தது. 1957-இல் லெஸ் பால் கிட்டார்களில் இந்தப் பிக்கப் வந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொல்லும் சிறிய கறுப்பு ஒட்டுச்சீட்டு அதன் அடியில் இருந்ததால்தான் இன்றுவரை பி.ஏ.எஃப். (பேட்டன்ட் அப்ளைட் ஃபார்) என்று அழைக்கிறோம். காப்புரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதே சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 1962 வாக்கில் எண் போட்ட சீட்டு வந்தது. அந்த எண்ணும் ஹம்பக்கருடையதல்ல, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பெயரில் இருந்த கம்பிதாங்கிக் காப்புரிமையின் எண்.

லவரின் முதல் வடிவத்தில் உயரம் திருத்தும் திருகுகளே கிடையாது. விற்பனைப் பிரிவினர் கடைக்காரர்களிடம் காட்டிப் பேச ஏதாவது வேண்டும் என்று கேட்டதால் ஒரு சுருளில் திருகுகளைச் சேர்த்தார்கள். மேல் மூடிக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மன் சில்வர். பித்தளையில் சுழல் மின்னோட்டம் அதிகம் உண்டாகி மேல் அதிர்வெண்களை விழுங்கும், ஜெர்மன் சில்வரில் அது குறைவு. விலை குறைந்த பிக்கப்களில் பித்தளை மூடிக்கு முலாம் பூசியிருப்பார்கள். ஒலி மந்தமாக இருக்க அதுவும் ஒரு காரணம்.

இப்போது முக்கியமான விஷயம். அந்தக் காலப் பிக்கப்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. 42 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) எனாமல் கம்பியை ஒவ்வொரு பாபினிலும் (சுருள் சுற்றும் சட்டம்) 5,000 சுற்று அளவில் சுற்றினார்கள். ஆனால் சரியான எண்ணிக்கையில் தானாக நிற்கும் வசதி எல்லா இயந்திரங்களிலும் இல்லை. பாபின் நிறைந்ததும் நிறுத்தினார்கள். ஆகவே ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்களிலேயே சுற்றுகள் வேறுபடும். மொத்த மின்தடை 7 கிலோ ஓமிலிருந்து 9 வரை அலையும். காந்தமும் அப்படித்தான். அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு சேர்ந்த ஆல்னிக்கோவில் 2, 3, 4, 5 என்ற வகைகளில் எது கையிருப்பில் இருந்ததோ அதைப் போட்டார்கள். 1961 வாக்கில்தான் நீளம் குறைந்த ஆல்னிக்கோ 5 காந்தம் நிலைபெற்றது. நெக்கிற்கு இது, பிரிட்ஜுக்கு இது என்ற பாகுபாடும் இல்லை. பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை மாட்டினார்கள்.

1958 முதல் 1960 வரை சன்பர்ஸ்ட் என்ற வண்ணப் பூச்சோடு வந்த லெஸ் பால்கள் மொத்தம் 1,500 அளவில்தான் இருக்கும். அவற்றுக்குள்ளேயே ஒலி இவ்வளவு வேறுபடுகிறது. ஆகவே எந்த நிறுவனம் "அசல் பி.ஏ.எஃப். ஒலி" என்று சொன்னாலும், அந்தக் குடும்பத்தில் ஒரு முகத்தைத்தான் அவர்கள் எடுத்துச் செய்திருக்கிறார்கள். எந்த முகம் என்பதைத்தான் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறாம்கம்பி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இவ்வளவு வேறுபாடு இருக்கிறதென்றால் வாங்குபவன் எதைப் பிடித்துக்கொண்டு தேர்வு செய்வது? நான் கிலோ ஓமைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பற்றாசு அண்ணா, என் கேபிள் ஆறு மீட்டர். மற்ற இரண்டையும் இந்த வாரம் அளந்து எழுதுகிறேன்.

பற்றாசு எழுதியது:

கிலோ ஓம் சத்தத்தின் அளவு அல்ல. அது செம்புக் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். ஒரே கேஜ் கம்பி, ஒரே அளவு பாபின், ஒரே காந்தம் என்று எல்லாம் சமமாக இருந்தால் மட்டும் "இதில் சுற்று கொஞ்சம் கூடுதல்" என்று அதை வைத்து ஊகிக்கலாம். கம்பி 43 கேஜ் ஆனால் கணக்கே மாறிவிடும். அது மெல்லியது, ஒரு மீட்டருக்கான மின்தடை 42-ஐவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகம். ஆகவே 43-இல் சுற்றி 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப்பில், 42-இல் 8 காட்டுவதைவிடச் சுற்றுகள் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 8.0 காட்டிய பிக்கப், 32 டிகிரியில் ஏறத்தாழ 8.4 காட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிக்கப்பைச் சித்திரையில் அளந்து பார்த்துவிட்டு "அட்டையில் போட்டிருப்பது வேறு, வந்திருப்பது வேறு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கிட்டாரைத் திறக்காமல் ஜாக் வழியாக அளந்தால் எதிர்ப்பக்கம் ஒரு பிழை வரும். 500 கிலோ ஓம் பாட் இணையாக நிற்பதால் 8.0 இருப்பது 7.87 என்று காட்டும்.

ஏழுக்கும் எட்டரைக்கும் இடையில் எந்த எண்ணாக இருந்தாலும் அது பழைய பாணிதான். அந்த வரம்புக்குள் எண்ணை மறந்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: காந்தம் எது? இரண்டு சுருள்களும் சமமா, ஏற்றத்தாழ்வா? சுருள் அதிராமல் இருக்க உருக்கிய மெழுகில் முக்கி எடுத்ததா, முக்காததா?

நீலமணி எழுதியது:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். பல ஆண்டுகளாக லெஸ் பாலில் ப்ளூஸ் மட்டுமே வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேத் லவர் ஜோடியை வாங்குங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 1990களில் சீமோர் டங்கன் அந்தப் பிக்கப்பைச் செய்தபோது சேத் லவரே உயிரோடு இருந்து அவருடன் சேர்ந்து பணியாற்றினார். ஆல்னிக்கோ 2 காந்தம், ஜெர்மன் சில்வர் மூடி, மெழுகு இல்லை. கலமசூவில் செய்தவற்றுக்கும் மெழுகு கிடையாது. மெழுகு இல்லாத பிக்கப் கம்பியின் அதிர்வோடு சேர்ந்து தானும் மிக நுண்மையாக அதிர்கிறது. பிளெக்ட்ரம் கம்பியைத் தொடும் அந்த முதல் கணத்தில் ஒரு காற்றோட்டம் கேட்கும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும். அதைக் கேட்டுப் பழகியவருக்கு மெழுகில் முக்கிய பிக்கப்பின் மேல் ஒரு திரை போர்த்தியதுபோல் இருக்கும்.

ஆல்னிக்கோ 2-இன் காந்தப்புலம் ஆல்னிக்கோ 5-ஐவிட வலுக்குறைந்தது. மேல் ஸ்வரங்கள் வழவழப்பாக வரும், குத்தாது. உங்கள் பிரிட்ஜ் பிக்கப்பின் நோய்க்கு அதுதான் மருந்து.

பற்றாசு எழுதியது:

நீலமணி, வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு நீங்கள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். ஆனால் தம்பி தேவாலயத்தில் வாசிக்கிறார். பக்கத்திலேயே மானிட்டர் ஸ்பீக்கர், பின்னால் டிரம்ஸ், மேடை சின்னது. மெழுகு இல்லாத பிக்கப் ஒலிவாங்கிபோல் வேலை செய்யும். மூடியும் சுருளும் தனித்தனியாக அதிர்ந்து, ஆம்ப்பைக் கொஞ்சம் ஏற்றினாலே கீச்சென்று அலறும். கம்பி அதிர்ந்து வரும் இனிமையான பின்னூட்டத்தை விரலால் கட்டுப்படுத்தலாம். இந்த அலறலைக் கம்பியை அமுக்கினாலும் நிறுத்த முடியாது. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது அது நிகழ்ந்தால் என்ன செய்வது?

மெழுகில் முக்கினால் ஒலி கொஞ்சம் இறுகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்குவமாக முக்கியதற்கும் முக்காததற்கும் உள்ள வேறுபாட்டை முழு இசைக்குழுவுக்கு நடுவே யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நீலமணி எழுதியது:

15 வாட் ஆம்ப்பில், லேசான கரகரப்பில் வாசிப்பவருக்கு அந்த அளவுக்கு அலறாது. நான் அதைவிடப் பெரிய ஆம்ப்பில் கிளப் மேடைகளில் வாசித்திருக்கிறேன். ஆம்ப்பின் முன்னால் நேருக்கு நேர் நிற்காமல் ஓரமாக நின்றால் போதும். அழுத்தமான டிஸ்டார்ஷன் பெடல் வைத்திருப்பவரிடம்தான் மெழுகில்லாத பிக்கப்பை வேண்டாம் என்பேன். அப்படியே தொல்லை கொடுத்தாலும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் மெழுகை உருக்கி விடலாம், முழுவதையும் முக்கத் தேவையில்லை.

பற்றாசு எழுதியது:

மூடிக்கு அடியில் விடுவது சரியான வழிதான். ஆனால் இதைப் படிக்கும் புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய முறையில் செய்த பாபின்கள் பியூட்டிரேட் பிளாஸ்டிக். சூடு தாங்காது, வளைந்துபோகும். பாரஃபினும் தேன்மெழுகும் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து, சுமார் 65 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அதுவும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில். நேரடி நெருப்பில் ஒருபோதும் வேண்டாம். பாரஃபின் தீப்பற்றும்.

கலமசூ57 எழுதியது:

பற்றாசு கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டாவது யாரும் தொடாமல் நிற்கிறது. சுருள்களின் ஏற்றத்தாழ்வு. ஒரு சுருளில் சில நூறு சுற்றுகள் கூடுதலாக இருந்தால் ரீங்காரம் முழுமையாக அழியாது, ஒரு துளி மிஞ்சும். அதற்கு ஈடாக மேல் அதிர்வெண்களில் ஒரு திறப்பு கிடைக்கும், ஒற்றைச் சுருள் பிக்கப்பின் சாயல் லேசாக எட்டிப்பார்க்கும். கிப்சன் 1990 வாக்கில் கொண்டுவந்த 57 கிளாசிக்கில் இரண்டு சுருள்களும் சமம், ஆல்னிக்கோ 2, மெழுகில் முக்கியது. நடுத்தர ஸ்வரங்கள் திரண்டு வரும், ஓரங்கள் உருண்டையாக இருக்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த பர்ஸ்ட்பக்கரில் வேண்டுமென்றே சுருள்களைச் சமமில்லாமல் சுற்றினார்கள். அது மெழுகில்லாத ஆல்னிக்கோ 2. பெயரில் ப்ரோ என்று சேர்ந்தால் ஆல்னிக்கோ 5, மெழுகு உண்டு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடக் கூடாது.

தம்பியின் நெக் பிக்கப்புக்கு வருகிறேன். நீலமணியோடு எனக்குக் கருத்து வேறுபாடு இருப்பது இங்கேதான். மகோகனி உடம்பு, குட்டையான கழுத்து, நெக் பிக்கப் நிற்கும் இடத்தில் கம்பியின் வீச்சு மிகப் பெரியது. அங்கே கீழ் ஸ்வரங்கள் தாமாகவே அதிகம். அந்த இடத்தில் ஆல்னிக்கோ 2-ஐ வைத்தால் கீழ்ப்பகுதி இளகித் தளர்ந்துவிடும். வாசிப்பவரின் வலக்கை நன்றாகப் பழகியிருந்தால் அது அழகு. கலக்கத்தால் அவதிப்படுகிறேன் என்று சொல்பவருக்கு ஆல்னிக்கோ 5 வைத்த '59-இன் நெக் வகையைத்தான் சொல்வேன். சுற்று குறைவு, மின்தடை 7.4 வாக்கில். அடிக்கம்பி இறுக்கமாக இருக்கும், நடுப்பகுதி கொஞ்சம் பின்வாங்கி நிற்கும், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் வேண்டும் என்றால் ஆல்னிக்கோ 4. பேர் நக்கிள் நிறுவனத்தின் மியூல், டோன்ரைடரின் ஆல்னிக்கோ 4 கிளாசிக்ஸ் இரண்டும் அந்த வழி. விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

பிக்கப் என்பது வாசிப்பவரின் குரலோடு எவ்வளவு ஒட்டியது என்பதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் 1970-இல் தன்னுடைய 1957 பொன்னிற லெஸ் பாலைக் கொடுத்துவிட்டு ஒரு சன்பர்ஸ்ட்டை வாங்கினார். கிட்டாரைக் கொடுத்தவர் பிக்கப்களைக் கொடுக்கவில்லை. அவற்றைக் கழற்றிப் புதிய கிட்டாரில் மாட்டிக்கொண்டார்.

ஆறாம்கம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

நெக் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருந்தது, கடைசி ஃப்ரெட்டில் அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆறாம் கம்பிப் பக்கம் மூன்று மில்லிமீட்டருக்கு இறக்கி, திருகுகளை ஏற்றினேன். பாட்களை ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தேன். நெக் வால்யூம் 390, பிரிட்ஜ் வால்யூம் 460. தேவாலயத்தில் நண்பரின் மூன்று மீட்டர் கேபிளை வாங்கிச் செருகினேன்.

வேறுபாடு என்னை வியக்க வைத்தது. நெக்கில் மேல் மூன்று கம்பிகள் இப்போது பேசுகின்றன. ஆனால் கீழ் மூன்று இன்னும் கலங்குகின்றன, முன்பு இருந்ததில் பாதி அளவுக்கு. பிரிட்ஜ் இன்னும் குத்துகிறது, கேபிள் குட்டையானதால் முன்பைவிடக் கூடுதலாகவே.

மின்தடை நெக்கில் 8.7, பிரிட்ஜில் 8.9. இந்த எண்ணை நம்பக் கூடாது என்று தெரியும், தகவலுக்காக எழுதுகிறேன். பிக்கப்பைக் கழற்றினால் காந்தம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பற்றாசு எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நெக்கில் 390 இருக்கும் பாட்டை மாற்றிவிடுங்கள். 390-க்கும் 500-க்கும் இடையில் ஒத்ததிர்வுப் புள்ளி நகராது, ஆனால் அதன் உச்சி உயரும். கலங்கலுக்கு அது ஓரளவு உதவும். ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஆசியத் தயாரிப்புகளில் பாட் நுழையும் துளை 8 மி.மீ. அளவில் இருக்கும். அமெரிக்க வகைப் பெரிய பாட்டுக்கு 9.5 மி.மீ. வேண்டும். துளையைப் பெரிதாக்க ரீமரைக் கையால் திருப்புங்கள். டிரில் வைத்தால் மேல் பூச்சு தெறித்துவிடும். குமிழும் பொருந்தாது, தண்டின் பற்கள் வேறு. சிறிய பாட்டிலேயே 500-க்கு மேல் அளக்கும் ஒன்றைத் தேடி எடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் மீட்டரைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்கலாம்.

காந்தத்துக்கு வருகிறேன். பிரிட்ஜ் பிக்கப்பை வெளியே எடுத்து, சுற்றியிருக்கும் டேப்பைக் கொஞ்சம் விலக்கினால் இரண்டு பாபின்களுக்கு அடியில் நடுவே காந்தத்தின் முனை தெரியும். மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனைகளையும் காந்தத்தின் மேலேயே சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். மின்சாரம் பாய்ந்தால் ஆல்னிக்கோ, அது உலோகம். பாயாவிட்டால் செராமிக், கறுத்து மங்கலாக இருக்கும். செராமிக் என்றால் நீங்கள் சொல்லும் குத்தலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் பிரிட்ஜுக்குப் புதுப் பிக்கப் வாங்குவதற்கு முன் ஆல்னிக்கோ 2 பட்டைக் காந்தம் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். விலை மிகக் குறைவு. அடித்தட்டிலுள்ள நான்கு திருகுகளைத் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். பழையதைப் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, அதே இடத்தில் புதியதை நுழைக்கலாம். தடிமன் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் திருகுச் சுருளைப் பார்த்த பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் எந்தத் துருவம் என்று திசைகாட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

நீலமணி எழுதியது:

அந்தப் புள்ளியை மறந்து காந்தத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று இருக்கிறது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் நெக் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தது. தனித்தனியாக வாசித்தால் எதுவும் தெரியாது. இரண்டையும் சேர்த்து நடு நிலையில் வைத்தால் ஒன்றையொன்று எதிர்த்து, மூக்கால் பாடுவதுபோல் மெலிந்து ஏங்கும் ஓர் ஒலி வரும். அவர் கையில் அது அமுதம். பின்பு கேரி மூர் என்ற கிட்டார் கலைஞரிடம் போய், இப்போது மெட்டாலிக்கா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது அந்தக் கிட்டார். தேவாலயத்தில் முழுக்குழுவோடு வாசிக்கும்போது அந்த நிலை காணாமல் போய்விடும், ஆகவே தம்பிக்கு வேண்டாம்.

நெக் விஷயத்தில் கலமசூ ஐயா சொல்வதை ஏற்கிறேன். மேலே ஒன்றைச் சேர்க்கிறேன். பாட்டை மாற்றத்தானே போகிறீர்கள், டோன் மின்தேக்கியை வால்யூம் பாட்டின் நடுக் காலுக்கு மாற்றிப் பற்றவையுங்கள். 1950களில் கிப்சன் அப்படித்தான் இணைத்தது. வால்யூமை ஏழுக்கு இறக்கினாலும் மேல் ஸ்வரங்கள் மங்காது. மின்தேக்கி 0.022 மைக்ரோஃபாரட் போதும். எண்ணெய்க் காகித மின்தேக்கி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பார்கள், மதிப்பு ஒன்றாக இருந்தால் சாதாரண பாலியெஸ்டரே போதும். இப்படி இணைத்தால் வால்யூமும் டோனும் ஒன்றையொன்று கொஞ்சம் பாதிக்கும், பழகிவிடும். பாடுபவர் வரும்போது வால்யூமை இறக்கிப் பின்னணி, தனி வாசிப்புக்கு ஏற்றிக் கரகரப்பு. பெடலை மிதிக்கவே வேண்டாம்.

ஆறாம்கம்பி எழுதியது:

பிரிட்ஜில் மீட்டர் எதுவும் காட்டவில்லை. செராமிக்தான்.

என் முடிவு இது: நெக்கிற்கு '59 மட்டும் இப்போது வாங்குகிறேன். பிரிட்ஜில் ஆல்னிக்கோ 2 காந்தம் போட்டுக் கேட்டுவிட்டு அதன் பிறகு பார்க்கலாம். ஒரே ஒரு சந்தேகம். '59-ஐ இரண்டு வகையில் விற்கிறார்கள். ஒன்றில் பழைய பாணியில் வலைப்பின்னல் போர்த்திய ஒற்றை ஒயர், மற்றதில் நான்கு ஒயர். பழைய பாணிதானே வேண்டும், வலைப்பின்னலையே வாங்கிவிடலாமா?

பற்றாசு எழுதியது:

நான்கு ஒயரை வாங்குங்கள். பிரிட்ஜில் வேறு தயாரிப்பு இருக்கிறது. இரண்டு பிக்கப்பின் மின்திசையும் ஒன்றாகச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. வலைப்பின்னல் வகையில் அந்தப் பின்னலே அடித்தட்டோடும் மூடியோடும் பற்றவைக்கப்பட்டிருக்கும், ஆகவே ஒயரை மாற்றிப் போட முடியாது. திசை எதிராக இருந்தால் புதுப் பிக்கப்பைத் திறந்து காந்தத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். நான்கு ஒயரில் அந்தக் கவலை இல்லை. ஒலி இரண்டிலும் ஒன்றுதான்.

சீமோர் டங்கனின் நிறக்கணக்கு: கறுப்பு வால்யூம் பாட்டுக்கு, பச்சை எர்த்துக்கு. சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்து டேப் சுற்றிவிடுங்கள், அது வேறெங்கும் தொடக் கூடாது. உறையில்லாத ஒயர் எப்போதும் எர்த்துக்கு. நடு நிலையில் ஒலி மெலிந்து கேட்டால் கறுப்பையும் பச்சையையும் மட்டும் இடம் மாற்றுங்கள். உறையில்லாத ஒயரை மாற்றக் கூடாது.

மாட்டுவதற்கு முன்பே சோதிக்கவும் வழி இருக்கிறது. முள் மீட்டரைப் பிக்கப்பின் இரண்டு ஒயர்களில் கோத்து, ஸ்குரூடிரைவரைத் திருகு முனைகளின் மேல் சட்டென்று ஒட்டிப் பாருங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கவனியுங்கள். இரண்டு பிக்கப்புக்கும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். பிரிட்ஜில் காந்தத்தை மாற்றிய பிறகு இதைச் செய்யுங்கள், முன்பு அல்ல.

வாங்கும்போது முனைகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். நெக்கில் முதல் முனையிலிருந்து ஆறாவது முனைவரை நடுவுக்கு நடு 49, 50 மி.மீ. இருந்தால் சாதாரண வகையே பொருந்தும். பிக்கப்பின் காலை, அதாவது உயரத் திருகு நுழையும் பக்கத் தகட்டைப் பாருங்கள், பழைய பாணிக் கால் நீளமானது, உங்கள் கிட்டாரின் குழி ஆழமில்லை என்றால் இறக்கும்போது தரையில் இடிக்கும். குட்டைக்கால் வகையும் கிடைக்கிறது. உயரத் திருகுகளில் புதுப் பிக்கப்போடு வருவதையே பயன்படுத்துங்கள். பழைய திருகின் மரை மில்லிமீட்டர் கணக்கு, இது அங்குலக் கணக்கு. பலவந்தமாக முறுக்கினால் காலின் மரை அழிந்துவிடும்.

பாட்டின் முதுகில் எர்த் பற்றவைக்க 25 வாட் இரும்பு போதாது, 60 வாட் எடுங்கள். முதுகை முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சூட்டைக் கொடுத்துச் சட்டென்று எடுத்துவிட வேண்டும்.